பொலிக்குதிரையை மாநிலம் மாற்றும் வண்டிகள்: எந்த வகுப்பு, எந்த மாதம்

கென்டக்கியில் மவுசு குறைந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பொலிக்குதிரை, அடுத்த இனப்பெருக்க சீசனுக்கு நியூயார்க்கிலோ பென்சில்வேனியாவிலோ லூசியானாவிலோ சேர்க்கைக்கு நிற்கப் போகிறது என்ற அறிவிப்பு அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் வரும். எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு. மேரிலாந்தில் 3,000 டாலர் சேர்க்கைக் கட்டணத்தில் தொடங்கிய மாலிபு மூன் என்ற பொலிக்குதிரை 2004 சீசனுக்குக் கென்டக்கி போனது. 2013 கென்டக்கி டெர்பியை வென்ற ஆர்ப் அதன் பிள்ளை. ஃபுளோரிடாவில் நின்ற கர்வின் என்ற குதிரையை, அதன் முதல் குட்டிகள் ஓடிக் காட்டியதுமே 2023 சீசனுக்குக் கென்டக்கிக்கு அழைத்துக்கொண்டார்கள்.

குதிரையின் விந்தை மட்டும் குளிர்பெட்டியில் அனுப்பும் வழி தரோபிரெட்டில் கிடையாது. நேரடிச் சேர்க்கையில் உருவான குட்டியை மட்டுமே இந்த இனத்தின் பதிவு அமைப்பான ஜாக்கி கிளப் பதிவு செய்யும். ஆகவே குதிரையேதான் போக வேண்டும். கிட்டத்தட்ட 550 கிலோ எடையும் பெட்டை வாசம் பட்டால் யாருக்கும் அடங்காத குணமும் உள்ள மிருகத்தை 1,300 கிலோமீட்டர் கொண்டுபோகும் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. எந்த நிறுவனம் என்பதைவிட எந்த வகுப்பில் இடம் வாங்குகிறீர்கள் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஒரே மாதிரி ஏர் ரைடு (குலுக்கலைக் காற்றுப் பைகள் தாங்கும்) டிரெய்லரில் மூன்று வகுப்புகளை விற்கின்றன.

முதல் வகுப்பு ஒற்றை ஸ்டால். வரிசைக்கு மூன்று குதிரை, தலை கட்டப்பட்டிருக்கும். பொலிக்குதிரைக்கு இது வேண்டவே வேண்டாம். இடநெருக்கடியைவிடப் பெரிய பிரச்சினை தலைக்கட்டு. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடியும். பல மணி நேரம் தலை தூக்கியபடியே நின்றால் தொண்டைக் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாளில் நுரையீரலும் அதன் உறையும் அழற்சி கொள்கின்றன. ஷிப்பிங் ஃபீவர் என்று குதிரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பயணம் 12 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது.

இரண்டாவது, ஒன்றரை ஸ்டால். மூன்று குதிரை நிற்கும் அகலத்தில் இரண்டு. கென்டக்கியின் லெக்சிங்டனிலிருந்து ஃபுளோரிடாவின் ஒகாலாவுக்கு 11, 12 மணி நேரம் ஆகும். அதற்கு இது போதும். ஆனால் பக்கத்து இடத்தில் இன்னொரு குதிரை வரும் என்பதை மறக்கக் கூடாது. நடுத்தடுப்பு தலை உயரத்துக்கு முழுப் பலகையா, வெறும் குழாய்க் கம்பியா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். கம்பி என்றால் கடியும் உதையும் நிச்சயம். 5க்கு 3 கொடுக்கலாம்.

மூன்றாவது, பாக்ஸ் ஸ்டால். தடுப்புகளைக் கழற்றி வரிசை முழுவதையும் ஒரே குதிரைக்கு விடுவார்கள். கயிறு இல்லை, திரும்பலாம், தலையைத் தரை வரை இறக்கலாம், சிறுநீர் கழிக்கக் கால்களை அகட்டி நிற்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: ஓடும் வண்டியில் சிறுநீரை அடக்கும் குதிரை தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். லெக்சிங்டனிலிருந்து நியூயார்க்கின் சாரடோகா பக்கம் 13, 14 மணி நேரம். கலிஃபோர்னியா என்றால் இரண்டு நாளுக்கு மேல். இந்தத் தூரங்களுக்குப் பாக்ஸைத் தவிர வேறு எதையும் எங்களால் பரிந்துரைக்க முடியாது. 5க்கு நாலரை, அரை மதிப்பெண் போவது விலைக்காக.

விமானம் ஒரு காலத்தில் நல்ல தெரிவாக இருந்தது. லெக்சிங்டனிலிருந்து டெக்ஸ் சட்டன் நிறுவனம் குதிரைகளுக்கென்றே ஒரு போயிங் 727 இயக்கியது. 2021இல் அது நின்றது. மேற்குக் கரைக்குப் போகும் பொலிக்குதிரைகளையும் அதன்பின் பெரும்பாலும் சாலைதான் சுமக்கிறது.

வகுப்புக்கு அடுத்து ஓட்டுநர்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு ஓட்டுநர் 14 மணி நேரப் பணிச்சுற்றில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். ஒற்றை ஓட்டுநர் என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நிற்கும், குதிரையும் உள்ளேயே நிற்கும். இரண்டு ஓட்டுநர், உள்ளே கேமரா, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர்: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பழகாத ஊர்த் தண்ணீரைக் குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பண்ணைத் தண்ணீரையே 80, 100 லிட்டர் கேன்களில் ஏற்றி அனுப்புவது நல்லது. ஹேயை (உலர்ந்த புல்லை) நனைத்துக் கொடுக்க வேண்டும். பயண நாளில் தானியத் தீவனம் கிடையாது. அசையாமல் நிற்கும் குடலில் தானியம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

ஏற்றும்போது பொலிக்குதிரை முதலில் ஏறி முன் வரிசையில் நிற்க வேண்டும். மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பில் கொஞ்சம் விக்ஸ் தடவிவிட்டால் பெட்டைகளின் வாசம் மங்கும்; மலிவான வைத்தியம், பெரும்பாலும் பலிக்கும். மயக்க ஊசி தேவைப்பட்டால் அது கால்நடை மருத்துவர் முடிவு. ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து பொலிக்குதிரைக்கு ஆகாது. ஆணுறுப்பு வெளியே தொங்கி உள்ளே போகாமல் நிரந்தரமாகச் செயலிழக்கும் ஆபத்து அதில் உண்டு. பெட்டைக்கும் காயடித்த குதிரைக்கும் அதைப் போட்டுப் பழகிய கை, பழக்கதோஷத்தில் இதற்கும் போட்டுவிடக் கூடாது.

இனி மாதம். விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 57 நாள் ஆகும். விரைக்கு வெளியே முதிர இன்னும் ஒரு வாரம். வழியில் தொற்றி மூன்று நாள் காய்ச்சல் அடித்தால், குதிரை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு மாத விந்து கெட்டிருக்கும். சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. ஜனவரி நடுவில் வண்டி ஏற்றிக் காய்ச்சல் வந்தால், பிப்ரவரி, மார்ச் பெட்டைகள் சினை பிடிக்காமல் திரும்பும். புது மாநிலத்தில் முதல் ஆண்டே அந்தப் பெயர் வாங்கினால் அடுத்த ஆண்டு பதிவுகள் சரியும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் குதிரை புது லாயத்தில் இருந்தாக வேண்டும், அக்டோபரே உத்தமம்.

நவம்பரில் ஒரு சிக்கல் இருக்கிறது. லெக்சிங்டனில் உள்ள கீன்லாண்ட் ஏல நிறுவனத்தின் பெரிய பெட்டை ஏலம் அப்போதுதான். ஏலம் முடிந்த கையோடு ஓடும் வண்டிகள் எல்லாம் பெட்டைகளால் நிறைந்திருக்கும். பல ஊரிலிருந்து வந்து ஒரே கொட்டகையில் நின்ற குதிரைகள் என்பதால் ஹெர்பிஸ் வைரஸ், ஸ்ட்ராங்கிள்ஸ் (தொண்டைச் சுரப்பிகள் வீங்கிச் சீழ் பிடிக்கும் நோய்) தொற்றுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வாரங்களில் பகிர்ந்த வண்டியைத் தவிர்த்துத் தனி வண்டி எடுங்கள். கோடையில் தெற்கே அனுப்புவதும் தவறு. கென்டக்கிக் குதிரையை ஆகஸ்டில் லூசியானாவில் இறக்கினால், ஈரப்புழுக்கத்தில் சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோகும். உடல் சூடு ஏறினால் விரையும் சூடாகும். பிறகு அதே இரண்டு மாதக் கணக்குதான்.

காகிதங்களில் காக்கின்ஸ் சோதனை (குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான ரத்தப் பரிசோதனை) முடிவும் 30 நாளுக்கு உட்பட்ட கால்நடை மருத்துவச் சான்றிதழும் வழக்கமானவை. காக்கின்ஸுக்கு 12 மாதம் பொதுவான கெடு. சில மாநிலங்கள் 6 மாதம்தான் ஏற்கும். ஃபுளோரிடா எல்லையில் விலங்கு ஏற்றிய வண்டி எதுவானாலும் வேளாண் சோதனைச் சாவடியில் நின்றே ஆக வேண்டும். சான்றிதழில் மைக்ரோசிப் எண் ஓர் இலக்கம் பிசகினால்கூட அங்கே நேரம் போகும்.

அதிகம் சொதப்புவது வைரல் ஆர்ட்டிரைட்டிஸ் (வைரஸால் வரும் ரத்தநாள அழற்சி) தடுப்பூசி. இந்த வைரஸ் பொலிக்குதிரையின் விந்தில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து பெட்டைகளுக்குப் பரவும். 1984இல் கென்டக்கிப் பண்ணைகளில் பரவிய பிறகு அங்கே தரோபிரெட் பொலிக்குதிரைகளுக்கு இந்த ஊசி கட்டாயமானது. முதல் ஊசிக்கு முன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்று சோதித்துச் சான்று வாங்காவிட்டால், பிறகு வரும் எதிர்ப்பொருள் ஊசியாலா நோயாலா என்று பிரிக்கவே முடியாது. ஊசி போட்டபின் 28 நாள் பெட்டைகளிடம் விடக் கூடாது. கென்டக்கியிலிருந்து புறப்படும் குதிரை என்றால் பழைய சோதனைத் தாளையும் ஊசிப் பதிவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அவை தொலைந்தால் திரும்ப உண்டாக்க வழியில்லை.

காப்பீட்டில் ஒரு பொறி. வண்டிக்காரர் நீட்டும் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ஒப்பந்தச் சீட்டில்) அவருடைய பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு அச்சிட்டிருக்கும். அது பொலிக்குதிரையின் மதிப்போடு ஒப்பிட்டால் சில்லறை. குதிரையின் உயிர்க்காப்பீட்டு நிறுவனத்துக்குப் பயண நாளும் புது முகவரியும் முன்கூட்டியே எழுத்தில் போக வேண்டும்.

இறக்கியதும் தனி லாயம், குறைந்தது 14 நாள். முதல் நாலைந்து நாள் காலை மாலை வெப்பம் பார்க்க வேண்டும், 38.6 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இருமல் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். உடல் எடையையும் ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் போடுங்கள். 15, 20 கிலோ குறைவது சகஜம், அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடல் நிரப்பும்தான். மூன்று நாளில் திரும்பாவிட்டால் எங்கோ கோளாறு.

கென்டக்கியிலிருந்து இந்தியானா, ஒஹையோ போன்ற மூன்று நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பாக்ஸ் ஸ்டால் செலவு வீண். பண்ணையின் சொந்த இரு குதிரை டிரெய்லரில் நடுத்தடுப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக ஏற்றினால் போதும். காக்கின்ஸ் தாளும் மருத்துவச் சான்றிதழும் அதற்கும் வேண்டும். டிரெய்லரின் தரைப்பலகையை மட்டும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். சிறுநீரில் ஊறிய பலகை அடியில்தான் உளுத்திருக்கும்.