கறிக்கோழி வரத்தை முன்கூட்டி அறிய எது உதவும்: முட்டைக் கணக்கா, குஞ்சுக் கணக்கா, விலைப் பட்டியலா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய மீன் வரத்து குறைந்துவிட, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்துக் கறிக்கோழிக் கடைகளுக்குத் தேவை கூடுகிறது. ஒரு கறிக்கோழி முட்டையாக அடைகாப்பு இயந்திரத்துக்குள் வைக்கப்பட்ட நாளிலிருந்து கடைக்கு வந்து சேர ஏறத்தாழ 60 நாட்கள் ஆகும். பொரிப்பதற்கு 21 நாட்கள், வளர்வதற்கு 38 முதல் 40 நாட்கள். ஆகவே, தடைக்காலத்தின் முதல் நாளில் விலை ஏறியதைப் பார்த்துவிட்டு ஒரு ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) கூடுதலாக முட்டை வைக்குமானால், அந்தக் கோழிகள் சந்தைக்கு வரும் வேளையில் படகுகள் மறுபடியும் கடலுக்குக் கிளம்பியிருக்கும். தடைக்காலத் தொடக்கத்தில் வேண்டிய கோழி, பிப்ரவரி நடுவிலேயே முட்டையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

விலையை மட்டும் பார்த்துத் தொழில் நடத்துவதில் உள்ள இடர்ப்பாடு இதுதான். இதற்கு மாற்றாக என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றில் எது யாருக்குப் பயன்படும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது, கடைக்காரருக்கும், பொன்னேரி, செங்குன்றம் பக்கத்தில் சொந்தமாக ஷெட் போட்டுக் குஞ்சு விடுபவருக்கும், கல்யாணப் பிரியாணிக்கு இரண்டு மாதம் முன்பே முன்பணம் வாங்கும் சமையல்காரருக்கும் தேவையான ஒன்று என்று கருதுகிறேன்.

மிக முந்திக் கிடைக்கக்கூடிய தகவல், இயந்திரத்தில் வைத்த முட்டைகளின் எண்ணிக்கை. அமெரிக்க வேளாண் துறையின் புள்ளியியல் பிரிவு, 19 முக்கிய மாநிலங்களில் உள்ள ஹேச்சரிகளிலிருந்து இந்த எண்ணை வாரந்தோறும் திரட்டிப் புதன்கிழமைகளில் வெளியிடுகிறது. வைத்த முட்டை எவ்வளவு, பண்ணைகளில் இறக்கிய குஞ்சு எவ்வளவு என்ற இரண்டும் ஒரே அறிக்கையில் வருகின்றன. நாடு முழுவதற்கும் வாரத்துக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் வைக்கப்படுகின்றன. அந்த எண் கையில் இருந்தால், இன்னும் எட்டு ஒன்பது வாரங்களில் என்ன வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால் முட்டை எண்ணிக்கை அப்படியே குஞ்சு எண்ணிக்கை ஆகிவிடாது. முட்டைகள் முதல் 18 நாட்கள் செட்டர் என்னும் அடைகாப்பு இயந்திரத்தில், ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மணிக்கு ஒரு முறை திருப்பப்பட்டபடி இருக்கும். கடைசி மூன்று நாட்களுக்குத் திருப்பாமல் ஹேட்சர் என்னும் பொரிப்பு இயந்திரத்துக்கு மாற்றப்படும். அந்த மாற்றத்தின்போது ஒளியில் வைத்துப் பார்த்தால், கரு பிடிக்காத கூமுட்டை உள்ளே வெளிச்சம் ஊடுருவித் தெளிவாகத் தெரியும். கரு வளர்ந்த முட்டை இருண்டு, பருத்த முனையில் காற்றறை மட்டும் வெளிறி நிற்கும். கூமுட்டை, இடையில் செத்த கரு, ஓட்டைக் கொத்திவிட்டு வெளிவர முடியாமல் போன குஞ்சு எல்லாம் கழிந்த பிறகு, நூற்றுக்கு 80 குஞ்சு அளவில் தேறுகிறது. தாய்க்கோழி மிக இளையதாகவோ மூத்ததாகவோ இருந்தால் இந்த விகிதம் குறையும். அமெரிக்காவிலேயே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த பொரிப்பு விகிதம் அண்மை ஆண்டுகளில் இறங்கி, 80 சதவீதத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் வந்திருக்கிறது. முட்டை கூடுகிறது என்பதை மட்டும் வைத்துக் கோழியும் அதே அளவு கூடும் என்று கணித்தவர்களுக்கு அது பொருந்தாமல் போயிருக்கும். போதாக்குறைக்கு, சந்தை சரிந்தால் வைத்த முட்டையை வெளியே எடுத்துவிடவும் முடியும். 2020 தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்ற பொய்ச் செய்தியால் நம் நாட்டில் விலை வீழ்ந்தபோது, முட்டைகளும் குஞ்சுகளும் அழிக்கப்பட்டன.

பண்ணையில் இறக்கிய குஞ்சுகளின் எண்ணிக்கை மூன்று வாரம் தாமதமாக வருகிறது, ஆனால் உறுதியானது. பொரிப்பு பற்றிய ஐயங்கள் அத்தனையும் அதற்குள் தீர்ந்திருக்கும். ஒரு குஞ்சுப் பெட்டி நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கும். அறைக்கு 25 வீதம் 100 குஞ்சுகள், பெரும்பாலும் சேதத்துக்கு ஈடாகப் பெட்டிக்கு இரண்டு கூடுதலாகப் போடுவார்கள். 40 கிராம் எடையுள்ள அந்தக் குஞ்சுகள் உமி பரப்பிய தரையில் இறங்கிவிட்டால், நோய் தாக்காத பேட்ச்சில் நூற்றுக்கு நாலைந்து போக மிச்சம் சந்தைக்கு வந்தே தீரும். அவற்றைத் தள்ளிப்போடவோ திருப்பி அனுப்பவோ வழி இல்லை. நம் ஊரில் இந்த இறப்புக் கணக்கை மாதத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் இறப்பு கூடுவதோடு, தீனி எடுப்பது குறைந்து எடையும் பிந்துகிறது. தடைக்காலத்தின் பின்பாதிக்கான கோழி இந்த வெயிலில்தான் வளர வேண்டியிருக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் குஞ்சுக் கணக்கையே எடுப்பேன். ஹேச்சரி நடத்துபவர் ஒருவேளை முட்டைக் கணக்கைக் கேட்கக்கூடும், ஏனெனில் அவருடைய முடிவு அந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. வாங்கி விற்பவருக்கு ஆறு வார முன்னறிவு போதும். அது பிழைபடாமல் இருப்பதே முக்கியம்.

நம்மிடம் இந்த இரண்டு கணக்கும் பொதுவெளியில் வாரந்தோறும் வருவதில்லை. கால்நடைக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2019-இல் எடுத்த கணக்கின்படி நாட்டில் 85.18 கோடிக் கோழியினங்கள் இருந்தன, அவற்றில் ஏறத்தாழ 12 கோடியுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. பெருமைக்குரிய எண்தான், ஆனால் 40 நாள் வாழும் பறவையின் வரத்தைக் கணிக்க அது உதவாது. குஞ்சு, தீனி, மருந்து எல்லாவற்றையும் தாமே தந்து, வளர்ப்புக் கூலி கொடுத்துக் கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம் எந்த ஷெட்டில் எந்தத் தேதியில் எத்தனை குஞ்சு இறங்கியது என்ற விவரம் முழுமையாக இருக்கிறது. அது அவர்களோடு நின்றுவிடுகிறது.

ஆகவே மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பவை விலைகள். பல்லடத்தில் உள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு நாள்தோறும் அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை, இன்றைக்கு வாங்குவதற்கு நல்ல வழிகாட்டி. அடுத்த மாதத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு நாள் குஞ்சின் விலை அதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் சொந்தமாக வளர்ப்பவர்கள் 40 நாள் கழித்துக் கிடைக்கும் விலையைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கை அதில் வெளிப்படுகிறது. எனினும் குஞ்சு ரேட் ஏறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வாங்குவோர் கூடியிருக்கலாம், அல்லது முட்டை குறைந்திருக்கலாம். முதலாவது என்றால் ஆறு வாரத்தில் கோழி குவியும். இரண்டாவது என்றால் தட்டுப்பாடு வரும். எண்ணிக்கை தெரியாமல் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், விலையைத் தனித்து நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைக்காரர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு அளவுகோல் உண்டு. அதற்குச் செலவே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு லோடு இறங்கும்போது தரும் சீட்டில் கோழிகளின் எண்ணிக்கையும் மொத்த எடையும் இருக்கும். 500 கோழிக்கு 1,000 கிலோ என்றால் சராசரி 2 கிலோ. சில நாட்களில் அது 500 கோழிக்கு 1,250 கிலோ என்று மாறினால், பண்ணைகளில் கோழி ஆறேழு நாட்கள் கூடுதலாகத் தேங்கி நிற்கிறது என்று பொருள். விலை இறங்குவதற்கான அறிகுறி அது. மாறாக 1.6 கிலோவுக்கு வந்துவிட்டால், எடை ஏறும்வரை காத்திராமல் பிடித்து அனுப்புகிறார்கள், வரத்து வற்றுகிறது. சராசரி எடையைத் தேதியோடு குறித்து வந்தால், அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்கு விலைப் பட்டியலைவிட அது நம்பத்தக்கதாக இருக்கும்.

மாதக் கணக்கை இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். புரட்டாசி முதல் தேதி செப்டம்பர் 17 அளவில் வருகிறது. அன்று விற்க வேண்டிய கோழியின் முட்டை ஆடி முதல் வாரத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். ஐப்பசி பிறந்ததும் எழும் தேவைக்கு ஆவணித் தொடக்கத்தில் முட்டை வைக்க வேண்டும். மண்ணடியிலும் இராயபுரத்திலும் புரட்டாசி பார்க்காத வீடுகள் நிறைய இருப்பதால், வடசென்னையில் கடைவிற்பனை மற்ற இடங்களைப் போல அந்த மாதத்தில் விழுவதில்லை; ஆனால் கொள்முதல் விலை மாநிலம் முழுவதற்குமான தேவையைப் பொறுத்தே இறங்குகிறது. இங்குள்ள கடைக்காரருக்கு அது உண்மையான ஆதாயம்.

இத்தனை மாற்று வழிகளும் ஒரு குஞ்சுக் கணக்குக்கு ஈடாகா. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அதன் கோழியின ஆராய்ச்சி நிலையமும் மாதவரத்தில் இருக்கின்றன. இத்தகைய கணக்கைத் திரட்ட அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. தனி நிறுவனத்தின் எண்ணை வெளியிடாமல் மொத்தத்தை மட்டும் வெளியிடுவதே அமெரிக்க நடைமுறை. அதே உறுதியை இங்கும் தரலாம். வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, இறக்கிய குஞ்சு, அழித்த முட்டை என்று நான்கு எண்கள், மண்டல வாரியாக, வாரம் ஒரு முறை வந்தால் போதும்.