லாங் டபுள் அச்சிடலைச் சோதிக்க எந்த முறை?

சி மொழியில் தசம எண்களை வைக்கும் லாங் டபுள் வகை எக்ஸ்86 லினக்ஸில் 80 பிட், அதில் மேன்டிசா (எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் பகுதி) 64 பிட். ஏஆர்எம்64 லினக்ஸில் 128 பிட், மேன்டிசா 113. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது சாதாரண 64 பிட் டபுளேதான். கீழே உள்ளவை 80 பிட்டுக்கு.

பலரும் முதலில் எழுதுவது போய்த்திரும்பும் சோதனை: 21 இலக்கத்தில் அச்சிட்டு, அதை மறுபடி படித்து, அதே எண் வருகிறதா என்று பார்ப்பது. பத்து வரியில் முடியும், ஆனால் நம்பக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு லாங் டபுள்களின் இடைவெளியில் குறைந்தது ஐந்து 21 இலக்க எண்கள் அடங்கும். கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலும் அதே எண்தான் திரும்பி வரும், சோதனையும் தேறிவிடும். பைட் பைட்டாக ஒப்பிடுபவர்கள் முதல் 10 பைட்டோடு நிறுத்த வேண்டும். 64 பிட் லினக்ஸில் நினைவகத்தில் அது பிடிக்கும் 16 பைட்டில் மீதி ஆறும் வெறும் நிரப்பு.

லினக்ஸின் இரண்டு சி நூலகங்களான ஜிலிப்சியையும் (glibc) மசலையும் (musl) ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம். பதின்ம வடிவங்களுக்குச் சரி. பதினாறடி (ஹெக்ஸ்) வடிவத்தில் 1.0க்கு ஜிலிப்சி முன்னிலக்கம் 8, அடுக்கு −3 என்று தரும். மசல் 1, அடுக்கு 0 என்று தரும். சி தரநிலை இரண்டையும் ஏற்பதால் அங்கே எழுத்துகளை அல்ல, மதிப்பை ஒப்பிட வேண்டும்.

என் தேர்வு, வேண்டிய துல்லியத்தில் கணக்கிடும் நூலகமான எம்பிஎஃப்ஆரின் (MPFR) விடையோடு ஒப்பிடுவது. மாறியின் துல்லியத்தை 64 பிட் என்று நீங்களே அமைக்க வேண்டும். இயல்புநிலை 53, அது டபுளின் மேன்டிசா அளவு; விட்டுவிட்டால் எண் சத்தமில்லாமல் டபுளாகச் சுருங்கி, சரியான நூலகத்தையே தவறு என்று காட்டும். நான்கு ரவுண்டிங் முறைகளிலும் ஓட்டுங்கள். தவறாமல் சேர்க்க வேண்டிய உள்ளீடு 2.5 + 2^−62: தசமம் இல்லாமல் அச்சிட்டால், அருகிலுள்ளதற்கு ரவுண்ட் செய்யும் முறையில் 3 வர வேண்டும். 2 வந்தால் வழியில் எங்கோ டபுளாக மாறியிருக்கிறது. மிகச்சிறிய எண் 2^−16445ஐ 16445 தசமங்களுக்கு அச்சிடுங்கள். கடைசி இலக்கம் 5. ஜிலிப்சி தன் உள்கணக்குக்கு பெரிய எண் கணக்கு நூலகமான ஜிஎம்பியின் (GMP) நிரல்களையே எடுத்தாள்கிறது, எம்பிஎஃப்ஆரும் ஜிஎம்பி மேல்தான் நிற்கிறது. அடித்தளம் ஒன்றானாலும் பதின்மமாக மாற்றும் பகுதி வேறு.

கைப்பட எழுதிய விடைப் பட்டியலை அப்போதும் கைவிட முடியாது. அடுக்கு சுழியல்லாதபோது முழு எண் பிட் (மேன்டிசாவின் முதல் பிட்) சுழியாக இருக்கும் செல்லாத பிட் அமைப்புகளுக்கு எம்பிஎஃப்ஆர் விடை தராது. 2.23க்கு முந்தைய ஜிலிப்சியில் ஸ்டேக் நினைவகம் வழிந்தது (பாதுகாப்புக் குறைப் பதிவு சிவிஇ-2020-29573) இப்படிப்பட்ட உள்ளீட்டால்தான். பட்டியலில் 0.1க்கு, லாங் டபுள் என்று குறிக்கும் எல் பின்னொட்டு விடுபட்டால் 18ஆம் தசமத்திலேயே 5 தலைகாட்டும்; பின்னொட்டோடு முதல் 1க்குப் பின் 20ஆம் தசமம் வரை சுழிதான்.

எந்த முறையானாலும் நினைவகப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்டுக்குள் ஓட்டிய முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 80 பிட் எண்களை 64 பிட்டில்தான் கணக்கிடுகிறது.