முதல் வேலை: டிசைன் ஸ்டூடியோவா, நர்சரி வைத்திருக்கும் கம்பெனியா?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (தோட்டம், வெளியிட வடிவமைப்பு) படித்து முடித்துச் சென்னையில் வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒரு பக்கம், வரைபடம் மட்டும் போட்டுக்கொடுக்கும் ஸ்டூடியோ. இன்னொரு பக்கம், தானே வரைந்து, தன் நர்சரிச் செடியையே இறக்கி, நட்டும் கொடுக்கிற கம்பெனி. நான் ஸ்டூடியோவில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு, அப்புறம் ஈசிஆர் பக்கம் அப்படியொரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அதனால் இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஸ்டூடியோவில் சேர்ந்த முதல் வருடம் ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குப் பிளான்டிங் பிளான், அதாவது எந்தச் செடி எங்கே என்ற வரைபடம், போட்டேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நெடுக இட்லிப்பூச் செடி. பக்கத்தில் ‘600 மிமீ ஆழம், செம்மண் - எரு கலவை’ என்று ஒரு குறிப்பு. நட்டு நான்கு மாதம் கழித்துத்தான் என்னை சைட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கொழுந்து இலைகள் எல்லாம் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். தோட்ட வேலை பார்த்த அண்ணன் கடப்பாறையால் ஒரு குத்துக் குத்திப் புரட்டிக் காட்டினார். மேலே ஒரு சாண் செம்மண். கீழே செங்கல் துண்டு, கட்டிதட்டிய சிமென்ட், டைல்ஸ் சில்லு, கிழிந்த சாக்கு. “மண்ணு எங்க மேடம் இருக்கு? எல்லாம் கட்டட வேஸ்ட்டு” என்றார்.

சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இட்லிப்பூவால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பாடத்தில் படித்ததுதான். ஆனால் குழி வெட்டும் அன்று அங்கே நின்று, ‘இதை வழித்தெடுத்துவிட்டு அப்புறம் செம்மண் கொட்டுங்கள்’ என்று சொல்ல ஸ்டூடியோவிலிருந்து யாரும் போகவில்லை. சைட் விசிட்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்க நிறைய பில்டர்கள் தயங்குவார்கள். போகிற ஒன்றிரண்டு முறையும் சீனியர்தான் போவார். ஜூனியருக்குக் கம்ப்யூட்டரில் வரைகிற ஆட்டோகேட்தான்.

அதற்காக ஸ்டூடியோவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லெவல் (தரையின் ஏற்ற இறக்கம்) பார்க்க நான் கற்றது அங்கேதான். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மிமீ மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். புல்தரைக்கு எவ்வளவு சரிவு, நடைபாதைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மழைநீர்க் குழி எங்கே வரும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டுக் கணக்குப் பார்க்கும் பொறுமை ஸ்டூடியோவில் பழகும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இந்த நகரத்தில் இதைவிட முக்கியமான வேலை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

போடியம் தோட்டமும் அப்படித்தான். கீழே கார் பார்க்கிங், மேலே ஸ்லாப், அதன் மேல் மரம். ஈர மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை நெருங்கும். மரத்துக்கு 1.2 மீட்டர் ஆழம் வேண்டுமென்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றுகிறோம். மரத்தை எந்தத் தூணுக்கு நேராக வைப்பது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்த பிறகு யாரும் ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கை நர்சரிக் கம்பெனியில் நான் பார்க்கவில்லை. அங்கே ஸ்லாப் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியே பல நாள் எழாது.

ஆனால் செடியை எனக்குத் தெரிய வைத்தது அந்த நர்சரிதான். ராஜமுந்திரிப் பக்கம் கடியத்திலிருந்து லோடு வரும். விடியற்காலையில் லாரி நின்றதும், பையைக் கிழித்து வேரைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பையில் அதிக நாள் கிடந்த செடியில் வேர் வட்டமாகச் சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் வேர் அந்த வட்டத்தை விட்டு வராது. மரம் வளர்ந்த பிறகு நல்ல காற்றுக்குச் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் தெருத்தெருவாக மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு வேர் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் ஹேண்டோவர் கேட்கும் பில்டரிடம் எதை நடலாம், எதை மழை வரை தள்ளிவைக்கலாம் என்று பேசுவதும் அங்கே பழகியதுதான்.

கம்பெனியின் பெரிய கெடுதல், ஸ்டாக். யார்டில் 300 மென்டாலி இருந்தால் உங்கள் பிளானிலும் மென்டாலிதான் வரும். மடகாஸ்கர் மரம் அது. கேட்டட் கம்யூனிட்டிகளில் வரிசை வரிசையாக நிற்கிறதே, அதேதான். புன்னையோ மகிழமோ கேட்டால், ‘சைஸ் கிடைக்காது, மெதுவா வளரும்’ என்பார்கள். வருடக்கணக்கில் இதையே கேட்டால், கேட்பதையே நாம் விட்டுவிடுவோம். எனக்கு அது நடந்தது. ஒரு நாள் பழைய ஃபைல்களைப் புரட்டியபோது ஆறு வளாகங்களுக்கும் ஒரே செடிப் பட்டியல் போட்டிருந்ததைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. அதோடு, வரைந்தவரும் விற்பவரும் ஒருவரே என்றால், செலவைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளருக்காகப் பேச ஆள் இல்லை.

சம்பளம் இரண்டிலும் ஆரம்பத்தில் சுமார்தான். போர்ட்ஃபோலியோவுக்கு ஸ்டூடியோ நல்லது, வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக. பெண் பிள்ளைகள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது: பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. சேரும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. ஆரோவில் பக்கம் காட்டை மீட்டெடுப்பவர்களோடு சேர்வது. அடையாற்று முகத்துவாரத்தில் 2011இல் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா அந்த வழியில் வந்த வேலைதான். இடங்கள் குறைவு. கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நர்சரிக் கம்பெனி, ஒன்றரை வருடம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் ஸ்டூடியோ. நான் போனதற்கு நேர் எதிர்வரிசை. மண்ணைத் தொட்டுவிட்டு வரையப் போகிறவருக்கு, ‘600 மிமீ’ என்று எழுதும்போதே அந்தக் கடப்பாறைச் சத்தம் கேட்கும். ஆனால் கான்டூரும் (சம உயரக் கோடுகள்) லெவலும் உங்களுக்கு இன்னும் தடுமாற்றம் என்றால் ஸ்டூடியோவிலேயே தொடங்குங்கள். அதை நர்சரியில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள்.

எங்கே இன்டர்வியூவுக்குப் போனாலும், இரண்டு வருடம் முன்னால் அவர்கள் முடித்துக்கொடுத்த ஒரு வளாகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால், மழை விட்ட மறுநாள் காலை அங்கே போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, எத்தனை மரம் இன்னும் குச்சியில் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அனுமதித்தால், சுவரோரச் செடிக்குக் கீழே ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.