ஸ்கார்லெட் 2ஐ2 ஃபோர்த் ஜென்: பெட்டி சரி, அறை எப்படி?

வீட்டில் பாட்டு பதிவு செய்ய வேண்டும் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் இந்தச் சிவப்புப் பெட்டிதான்; மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ். 2023-இல் வந்த நான்காவது பதிப்பு. ஒரு பக்கம் மைக் அல்லது வீணை பிக்கப் (வாத்தியத்தில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிப்பது), மறுபக்கம் யூஎஸ்பி வழியே கணினி. இரண்டு இன்புட், ஒரு ஹெட்ஃபோன், ஒரு ஜோடி ஸ்பீக்கர். அவ்வளவுதான் இதன் கொள்ளளவு. குரலும் ஒரு வாத்தியமும் எடுப்பவருக்குத் தாராளம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், பாடுபவருக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் எடுக்க நினைப்பவர் இதை வாங்கவே வேண்டாம்.

முந்தைய பதிப்பிலிருந்து உருப்படியான மாற்றம் கெயினில், அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் அளவில்தான். அதில் மைக்குக்கு 56 டெசிபல், இதில் 69. ஷுர் எஸ்எம்7பி போன்ற, மெல்லிய சிக்னலே தரும் டைனமிக் மைக்குக்கு 60 டெசிபலாவது வேண்டும் என்பதால் முன்பெல்லாம் நடுவில் தனியாக ஒரு பூஸ்டர் வாங்கிச் செருகினார்கள். இப்போது அந்தச் செலவு மிச்சம்.

விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுவது ஆட்டோ கெயின். பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து விநாடி பாடினால் பெட்டியே அளவு வைத்துக்கொள்ளும். நன்றாகவே வைக்கிறது. ஆனால் அந்தப் பத்து விநாடியில் நீங்கள் என்ன பாடினீர்களோ அதுதான் அதற்குத் தெரியும். பலரும் கூச்சத்தோடு பல்லவியின் முதல் வரியை முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். பிறகு அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது குமிழைச் சுற்றியுள்ள வளையம் சிவப்பாகிவிடும். பாட்டிலேயே உச்சமான இடத்தை முழுக் குரலில் பாடி அளவெடுக்க வேண்டும். உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். 24 பிட் துல்லியத்தில் பதியும்போது அதற்கு மேல் ஏற்றி எந்த லாபமும் இல்லை.

கிளிப் சேஃப் என்ற இன்னொரு பொத்தான், சத்தம் எல்லை மீறப் போகும்போது கெயினைத் தானே இறக்கிவிடும். பேச்சுக்குச் சரி. பாட்டின் நடுவில் இறக்கினால் அதற்கு முன்பும் பின்பும் ஒலி அளவு வேறு வேறாக ஃபைலில் நின்றுவிடும். தாள வாத்தியத்துக்கு இதை அணைத்துவிட்டுக் கையாலேயே அளவு வையுங்கள். ஏர் பொத்தானும் அப்படித்தான்: மேல் ஸ்தாயியைப் பளிச்சென்று காட்டும், ஆனால் பதிவோடு பதிவாக ஏறிவிடும், பிறகு எடுக்க முடியாது. வயலினுக்கு வேண்டவே வேண்டாம்.

வடிவமைப்பில் இரண்டு குறை. மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் வாய்கள் பின்பக்கம் போய்விட்டன. மேசை சுவரை ஒட்டி இருந்தால் ஒவ்வொரு முறையும் பெட்டியை இழுத்துத் திருப்ப வேண்டும். இரண்டாவது, முன்பக்கப் பொத்தான்கள் இரண்டு இன்புட்டுக்கும் பொது. செலக்ட் அழுத்தி எந்த இன்புட் என்று பார்க்காமல் கை வைத்தால் மாற்றம் பக்கத்து வாத்தியத்தில் நடந்துவிடும்.

வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப்பை முன்பக்க வாயில் செருகினால், இன்ஸ்ட் (வாத்தியம்) பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். லைன் நிலையில் விட்டால் பிக்கப்புக்குப் பாரம் அதிகமாகி அடி நாதம் கழன்றுவிடும்; தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். பிக்கப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குபவர்கள் உண்டு.

பெட்டியில் குறை சொல்ல இவ்வளவுதான். பதிவு கெடுவது பெரும்பாலும் இதற்கு வெளியே.

பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, டைல்ஸ் தரை, ஒரு பீரோ. நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்’ என்று ஒரு வால் கேட்டால் அது உங்கள் எல்லாப் பாட்டிலும் இருக்கும். இந்த அறையில் ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 போன்ற, சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர் மைக்கை வைத்தால் அந்த வாலையும் தெருவில் போகும் ஆட்டோவையும் சேர்த்தே பிடிக்கும். அறையைத் திருத்தும் வரை ஷுர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்தான் எங்கள் சிபாரிசு. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடலாம். 69 டெசிபல் இருப்பதால் கெயினும் போதும்.

ஏடி2020-தான் வேண்டும் என்றால் மூன்று விஷயம். அது பக்கவாட்டில் கேட்கும் மைக். சின்னம் உள்ள பக்கம் பாடுபவரைப் பார்க்க வேண்டும், உச்சியில் பாடக் கூடாது. இந்த மைக்குக்குப் பெட்டி தரும் 48 வோல்ட் மின்சாரத்தைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோன் சத்தத்தை இறக்கிவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவில் வாய்க் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் பாப் ஃபில்டர்.

ஃபோம் வாங்கி மைக்குக்குப் பின்னால் ஒட்டுவது வழக்கமான தவறு. மைக் பார்ப்பது பாடுபவரை. அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் நேராக மைக்கில் விழும். முதலில் மூட வேண்டியது அந்தச் சுவரை. 50 மில்லிமீட்டர் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிம நார்) பலகையை மரச்சட்டத்தில் அடக்கி, நார் பறக்காமல் துணி சுற்றி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினால் குரலுக்கு நல்ல பலன் தெரியும். அதுவரை இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து அதன் முன்னால் நின்று பாடலாம். முட்டை அட்டை எதற்கும் உதவாது.

மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்; ஏசியையும். அதற்குப் பிறகும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சத்தம் போகிறதே என்று எர்த் பின்னை முறித்துப் போடுவது உயிருக்கு ஆபத்து.

ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடும் ரகமாக இருக்க வேண்டும். ஏடிஎச் எம்40எக்ஸ் இந்த வேலைக்குப் போதும். கர்நாடக சங்கீதத்துக்கு இதில் சமரசமே கூடாது. சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடினால் சுருதியும் மைக்கில் ஏறிவிடும். பிறகு ஒரு சங்கதி பிசகி இரண்டு டேக்கை வெட்டி ஒட்டினால், குரல் ஒட்டினாலும் சுருதி அந்த இடத்தில் தடுக்கும். அதை மறைக்க வழியில்லை. சுருதியைத் தனி டிராக்காக ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். ஒரு காதைத் திறந்து பாடும் பழக்கம் இருந்தால் ஒலியை மற்றக் காதுக்கு மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் திறந்த காது வழியே சுருதி கசியும்.

பதிவு செய்யும் மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் இலவசம், அதன்பின் தனிநபர் உரிமம் 60 டாலர். விண்டோஸில் ஃபோகஸ்ரைட்டின் சொந்த, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே இரண்டாகக் கேட்டால், பெட்டியில் டைரக்ட் பொத்தானும் (மைக் ஒலியைக் கணினிக்குப் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது) ரீப்பரில் மானிட்டரிங்கும் ஒரே சமயத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரீப்பரில் உள்ளதை அணையுங்கள். ரீப்பர் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவை, 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி தாமதம். போய்வர இரட்டிப்பு, அதற்கு மேலும் கொஞ்சம். பதிந்தவற்றைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங்கின்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் கடைசியில். பத்தடிச் சதுர அறையில் 56 ஹெர்ட்ஸை ஒட்டிய அடி நாதம் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றுசேர்ந்து வீங்கும். யமஹா எச்எஸ்5 வாங்கி வைத்தாலும் மிருதங்கத்தின் அடி நாதப் பக்கமான தொப்பி எவ்வளவு கனமாகப் பதிந்திருக்கிறது என்று அந்த அறையில் சரியாகச் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் இன்னும் நாலு ராக்வூல் பலகை செய்துகொள்ளுங்கள்.