பழைய பாத்ஃபைண்டரா, எக்ஸ்ப்ளோரரா: கியர்பாக்ஸை வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் மூன்று வரிசை இருக்கை உள்ள பழைய எஸ்யூவியைக் குறைந்த விலைக்குத் தேடுகிறவர்களின் பட்டியலில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டரும், 2002 முதல் 2005 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் தவறாமல் இடம்பெறுகின்றன. இரண்டிலும் உரிமையாளர்களைப் பெரிதும் வாட்டியது ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். கெடும் காரணம் மட்டும் முற்றிலும் வேறு. ஆகவே, எது கெடும் என்று கேட்பதைவிட, கெடுவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்று கேட்பதே வாங்குகிறவருக்குப் பயன்படும்.

பாத்ஃபைண்டரின் கியர்பாக்ஸில் அடிப்படைக் கோளாறு இல்லை. அதைக் கொல்வது ரேடியேட்டர். கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே அமைந்திருப்பதால், அங்கே ஒரு விரிசல் விழுந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் நேராக ஆயிலோடு கலந்துவிடுகிறது. கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசை தண்ணீர்பட்டால் இளகும். பட்டை உரியத் தொடங்கியதும் மிதமான வேகத்தில் வண்டி நடுங்கும், பிறகு கியர் வழுக்கும். ஒரு சிறிய போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைக் கழற்றி உருவிப் பார்த்தால், தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ரோஸ் மில்க் போல நுரைத்துக் கெட்டியாக ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஆயிலை மாற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்பக் கூடாது. நிசானின் எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகளிலும் இதே கோளாறு இருந்தது. நிசான் இதற்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை நீட்டித்தது. ஆனால் அந்தக் காலமெல்லாம் முடிந்துவிட்டதால் இன்று செலவு முழுவதும் உரிமையாளரின் தலையில்தான். இருந்தும், நல்ல நிலையில் உள்ள வண்டியை வாங்கிய கையோடு ரேடியேட்டரை மாற்றிவிட்டாலோ, ஆயிலைத் தனிக் குளிர்விப்பான் வழியாகத் திருப்பிவிட்டாலோ இந்த ஆபத்தைப் பெருமளவு நீக்கிவிடலாம்.

எக்ஸ்ப்ளோரரின் சிக்கல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. கியர் மாறப் பிடித்துக்கொள்ளும் பட்டைகளான பேண்டுகளை, ஆயில் அழுத்தத்தால் இறுக்கும் சர்வோ என்ற பிஸ்டனின் எஃகுப் பின் (முளை), கியர்பாக்ஸின் அலுமினிய உறையில் உள்ள துளையில் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து அந்தத் துளையைத் தேய்த்து அகலமாக்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் ஆயில் அழுத்தம் கசிந்துவிடுவதால், சூடேறிய பிறகு இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது இன்ஜின் வீணாக உறுமுகிறது. டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் (உயர் கியர்) விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. முற்றினால் இரண்டாம் கியரும் ஐந்தாம் கியருமே கைவிட்டுப் போகின்றன. ஆயிலை எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் இந்தத் தேய்மானம் நிற்காது என்பதுதான் வருத்தமான செய்தி. ஆறுதலும் உண்டு: துளையைச் சற்றே அகலப்படுத்தி உள்ளே ஒரு புஷ் (உலோக வளையம்) அடித்தால் உறையை மாற்ற வேண்டியதில்லை, தேய்மானமும் திரும்ப வருவதில்லை. கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்காமலேயே இந்த வேலையைச் செய்யும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சோதித்துப் பார்ப்பதுதான் கடினம். இதற்கு டிப்ஸ்டிக்கே கிடையாது, வண்டியைத் தூக்கி அடித்தட்டில் உள்ள அடைப்பானைத் திறந்துதான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஆகவே இந்த வண்டியை, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

இந்த இரண்டும் வேண்டாம் என்று 2003 அல்லது 2004 ஹோண்டா பைலட்டின் பக்கம் போகிறவர்களும் பலர். இரண்டாம் கியர் அதிகமாகச் சூடாகிப் பல் உடையக்கூடும் என்பதால், 2004 ஏப்ரலில் ஹோண்டா பல மாடல்களைத் திரும்ப அழைத்தபோது இவையும் அதில் அடங்கின. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டிகளில் அந்தக் கியர்மீது ஆயில் பாய ஒரு குழாயைப் பொருத்தினார்கள். அதற்கு மேல் ஓடியவற்றில் கியர் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். அந்த வேலை முடிந்ததற்கான சான்று இல்லாத பைலட்டை நான் வாங்கச் சொல்லமாட்டேன். திருப்பத்தில் பின்பக்கம் முனகினால் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஆயில் பழசாகிவிட்டது என்றே பொருள், மாற்றினால் சரியாகிவிடும்.

என் தேர்வு, ரேடியேட்டர் மாற்றிய ரசீதும் தெளிந்த சிவப்பு ஆயிலும் உள்ள பாத்ஃபைண்டர். ரசீது இல்லை, ஆயில் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், புது ரேடியேட்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசி, வீட்டுக்கு ஓட்டிவரும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும். பாத்ஃபைண்டரின் ஆயிலில் சிறிது நுரை தெரிந்தாலும், அதைவிடப் புஷ் அடித்து முடித்த எக்ஸ்ப்ளோரரே மேல்.