பெரிய கட்லியாவுக்குத் தேக்குக் கூடை: சின்ன பால்கனிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம்

தேக்கு ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டத்தில்) செய்த 8 அங்குலச் சதுரக் கூடை, ஒன்று 450 ரூபாய். சென்னையில் பள்ளிக்கரணை பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன். பிளாஸ்டிக் தொட்டியோடு ஒப்பிட்டால் விலை அதிகம்தான். ஆனாலும் நாலடி அகல பால்கனியில் பெரிய கட்லியா ஆர்க்கிட் வளர்க்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கட்லியாவின் தண்டு படுத்தபடியே முன்னால் நகரும். ஒவ்வொரு புதுத் தளிரும் பழைய பல்புக்கு (தண்ணீர் சேர்த்து வைக்கும் பருத்த தண்டு) முன்னால்தான் முளைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி விளிம்பைத் தாண்டிவிடும். செடியோ ஒன்றரை அடி உயரம், கனமெல்லாம் ஒரே பக்கம். தரையில் வைத்தால் நடக்க வழியில்லை, கைப்பிடிச் சுவரில் வைத்தால் காற்றுக்குச் சாய்ந்துவிடும். கூடையில் பழைய பல்புகளை ஒரு மூலையில் ஒட்டி வைத்து, தளிர் முனை எதிர்மூலையைப் பார்க்கும்படி கட்டிவிட்டேன். அப்படிக் குறுக்காக வைத்தால் 11 அங்குலத்துக்கு மேல் ஓட இடம் கிடைக்கிறது. கூடையைத் தொங்கவிடுவதால் தரையும் மிச்சம்.

வேருக்கு இது இன்னும் நல்லது. லபியாட்டா என்ற கட்லியா, பிரேசிலின் வடகிழக்கில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிற இனம். நனைந்த வேர் சட்டென்று காய வேண்டும். நம் ஐப்பசி மழையில் தொட்டிக்குள் ஈரம் தேங்கினால் பல்ப் அடியிலிருந்து கறுத்து அழுகிவிடும். கூடையில் கரியும் உடைத்த ஓட்டுத் துண்டும் மட்டுமே போட்டிருக்கிறேன், மழை விட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ரீப்பர் இடுக்கு வழியே வெளியே வந்த வேரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தண்ணீர் பட்டதும் பச்சை ஏறும். நுனியில் மட்டும் பளபளவென்று கொஞ்சம் பச்சை தெரிந்தால் வேர் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போதுதான் உரம் கொடுப்பேன். தொட்டிக்குள் இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது!

குறைகளும் உண்டு. கூடவே கொடுக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி கடல் காற்றில் துருப்பிடித்துவிட்டது, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி வாங்கி மாற்றினேன். அடி இடைவெளி அதிகம், கரி உதிர்கிறது. பிளாஸ்டிக் வலை ஒரு துண்டு வெட்டிப் போட்டால் சரியாகிவிடும். கத்திரி வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். சொட்டு கீழே விழும் என்பதால், கீழ் வீட்டு அக்கா துணி உலர்த்த வருவதற்குள் ஊற்றி முடித்துவிடுவேன்.

என் பால்கனி கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழும், பிறகு 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை). இலை இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி, கரும்பச்சையானால் போதவில்லை. ஊதா ஹைப்ரிட் ஒன்று கார்த்திகையில் மொட்டு விட்டது. கைவிரல்களை விரித்த அகலத்துக்குப் பூ, கண்ணுக்கு நேரே!

வேர் தேக்கைப் பிடித்துக்கொண்டால் பிரித்தெடுக்காதீர்கள், பழைய கூடையோடு அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கிவிடலாம். 6 அங்குலக் கூடையும் அங்கே கிடைக்கிறது, அது மினி வகைகளுக்குப் போதும். பெரிய கட்லியாவுக்கு 8 அங்குலத்துக்குக் குறைந்து வேண்டாம். வாங்கும்போது கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள்: நாலு மூலையிலும் ரீப்பரைத் துளைத்துக் கம்பி கோத்திருக்க வேண்டும், வெறும் ஆணி அடித்ததை எடுக்காதீர்கள்.