‘நாலு இடம், நூறு ரூபாய்’: வெளியூர் நண்பரோடு மயிலாப்பூர் போகிறவர்கள் கவனத்துக்கு

கபாலீஸ்வரர் கோயில் வாசலில் வெளியூர் முகத்தைப் பார்த்ததும் ஒரு ஆட்டோ வந்து ஒதுங்கும். “சார், சாந்தோம் சர்ச், கோட்டை, மியூசியம் எல்லாம் காட்டுறேன், நூறு ரூபா போதும்.” ஏறாதீர்கள். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணமே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் 12 கிலோமீட்டருக்கே ஏறக்குறைய 150 வந்துவிடும். அந்தக் கட்டணமே கட்டுப்படியாகவில்லை என்று ஆட்டோக்காரர்கள் சொல்லும் ஊரில் ஒருவர் அதற்கும் குறைத்துக் கேட்டால், வழியில் உங்களை ஒரு கடைக்குள் கொண்டுபோய் விடுவார், மிச்சப் பணத்தை அந்தக் கடைக்காரர் கமிஷனாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம். (நியாயமான ஆட்டோக்காரர்கள் நிறைய பேர் உண்டு. அவர்கள் இப்படி வாசலில் வந்து கூப்பிடுவதில்லை.)

கடைக்குள் தள்ளுவதற்குச் சொல்லும் காரணம் பாதி உண்மையாக இருக்கும், அதுதான் சாமர்த்தியம். “மியூசியம் இன்னைக்கு லீவு.” எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது சரி. ஆனால் புதன்கிழமையும் இதையே சொல்வார்கள். “கோயில் நடை சாத்திட்டாங்க.” மதியம் சாத்தி மாலை 4 மணி வாக்கில் திறப்பார்கள், அதுவும் சரி, 11 மணிக்கே சொன்னால் பொய். வெள்ளி தவிர்த்த நாளில் காலையில் கோயில், மதியத்தில் மியூசியம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கடையில் ஏமாறுவது பெரும்பாலும் பட்டுப்புடவையில்தான். விற்பவர் ஓரத்திலிருந்து தானே ஒரு இழையை உருவிக் கொளுத்துவார். முடி கருகும் நாற்றம், விரலில் பொடியாகும் சாம்பல். அந்த ஒரு இழை பட்டு, அவ்வளவுதான். புடவையின் உடல் பகுதியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறாக இருக்கலாம். ஜரிகையை அவர் தொடவே மாட்டார். புடவையின் உள்பக்கம் தொங்கும் ஜரிகை நுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளையாகவோ பிளாஸ்டிக் தாள் போலவோ உரிந்தால் போலி. சிவப்பு தெரிந்தாலும் முழுக்க நம்ப முடியாது, வெள்ளிக்குப் பதில் செம்பு சுற்றிய ஜரிகைக்கும் சிவப்புச் சாயம் போட்ட நூல் வருகிறது. சில்க் மார்க் (தூய பட்டு என்பதற்கான முத்திரை) அட்டையும் பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கும் கைத்தறிக்கும் இல்லை. ஆகவே பில்லில் ‘தூய பட்டு, கைத்தறி, ஜரிகையில் வெள்ளி இத்தனை சதவீதம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் புடவையை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடலாம். புடவைதான் வேண்டும் என்றால் மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலையிலேயே கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. சிலைக்கு அண்ணா சாலையில் அரசு கைவினைப் பொருள் கடையான பூம்புகார்.

“இருநூறு வருஷத்துச் சிலை” என்று காட்டினால் இரண்டு வழியிலும் நஷ்டம். பொய்யென்றால் காசு போச்சு. மெய்யென்றால் நூறு வருடம் தாண்டிய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது, விமான நிலையத்தில் நிற்பது உங்கள் நண்பர்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தரலாம். ஜிஎஸ்டி எண் உள்ள பில் கையில் இருந்தால் நல்லது. துண்டுச் சீட்டில் ‘சில்க் சாரி 1’ என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தால் வாதாடுவது கஷ்டம்.